குறி தப்பாத துப்பாக்கி

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முந்தி, ஓணான்குளம்னு ஒரு ஊர்ல சடையன்னு ஒரு சம்சாரி இருந்தான். நிலக்கடலை போட்டிருந்தான். கடலை திரளுற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி வந்து கிளறுச்சு. சத்தம் போட்டான், போகல. தகரம் தட்டினான், போகல. தீ மூட்டினான், அதுக வந்து குளிர் காஞ்சுட்டுப் போச்சு. சிரிக்காதீங்க, அவனுக்கு வருஷச் சோறே அந்தக் கடலைதான்.

சந்தைக்குப் போய் ஒரு நொண்டிக் கிடாயைக் கொடுத்து ஒரு துப்பாக்கி வாங்கிட்டு வந்தான். குழல் வாய் வழியா வெடிமருந்தைக் கொட்டி, எண்ணெய்த் துணியில குண்டைச் சுத்தி, கம்பியால இடிச்சு இறக்கிச் சுடணும். கட்டையில விரிசல் வேற.

பெண்டாட்டி குருவம்மா கத்தினா: "கிடாயைக் கொடுத்துட்டு அடுப்பு ஊதுற குழலையா வாங்கிட்டு வந்தீரு?"

சடையன் மருந்தை இடிச்சான், சுட்டான். எட்டத்துப் பனையில தொங்கின ஒத்தைக் காய் பொத்துன்னு விழுந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலமே ஒரு பன்றியும் விழுந்துச்சு. "என் துப்பாக்கிக்குக் குறி தப்பாது"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சான். வினையே அங்கதான்.

அப்போ பார்த்து அரண்மனையில ராசாவோட வெள்ளித் துப்பாக்கி களவு போச்சு. ஒரு கொக்கைக்கூடச் சுட்டதில்ல, ஆனா உடம்பெல்லாம் வெள்ளி. ராசா சடையனைத் துப்பாக்கியோட கூட்டியாரச் சொன்னார்.

"உன் துப்பாக்கிக்குக் குறி தப்பாதாமே? திருடன் யாருன்னு கேட்டுச் சொல்லு."

"மகாராசா, இது குறி பார்த்துச் சுடும். குறி சொல்லாது."

"தப்பாதுன்னு நீதானே சொன்னே?"

"சுட்டா தப்பாது சாமி!"

"சொன்னா மட்டும் தப்புமா?"

தளவாய், அதான் படைக்குப் பெரியவர், மீசையை முறுக்கினார். "நொண்டி ஆட்டு விலைக்கு வாங்கின ஓட்டைக் குழல். இதுக்கு என்ன தெரியும் மகாராசா?"

அரண்மனைப் பூசாரி விடல. "வாய் வழியாத்தானே தீனி எடுக்குது? தின்னுற வாய் பேசாதா?" அப்படின்னு குங்குமம் வச்சு, குழல் வாயில வெத்திலையைத் திணிச்சார்.

"ஐயோ, திணிக்காதீங்கய்யா!" சடையன் தலையில அடிச்சுக்கிட்டான். பொழுது சாயுது, காட்டுல பன்றி இறங்குற நேரம், இவன் இங்க வெத்திலையைத் தோண்டிக்கிட்டு நிக்கிறான். தோண்டி எடுத்தான், துடைச்சான், மருந்தை இடிச்சான். "குறின்னா என்னன்னு பாருங்க. அந்த வாசல்ல கட்டியிருக்கிற எலுமிச்சம்பழத்தைச் சுடுறேன்"னு துப்பாக்கியைத் தூக்கினான்.

பழத்துக்கு நேர் கீழே யாரு நின்னது? தளவாய்! குழல் தன் பக்கம் திரும்பினதுமே அவருக்கு மீசை தொங்கிப் போச்சு.

"சுடாதே! நான்தான் எடுத்தேன்! என் வீட்டு வைக்கப்போர்ல இருக்கு!"

ராசா துள்ளினார். "பார்த்தியா, குறி சொல்லிடுச்சு!"

"சொன்னது அவரு மகாராசா!"

"அவரைச் சொல்ல வச்சது எது?"

ராசா துப்பாக்கியைப் பறிச்சுப் பட்டுத் துணியில சுத்தினார். "இனிமே இது அரண்மனையில இருக்கட்டும்."

அந்நேரம் குருவம்மா ஓடி வந்தா. "பன்றி இறங்கிருச்சு, இங்க என்ன ஆடுறீரு?" நடந்ததைக் கேட்டா. சடையன் வாயைத் திறக்கும் முன்னே ராசாவைக் கும்பிட்டா.

"தாராளமா வச்சுக்கோங்க சாமி. ஒண்ணே ஒண்ணு. அதுக்கு ராசா, ராணின்னு வித்தியாசம் தெரியாது. யார் எங்க போனாங்க, யார்கிட்ட சிரிச்சாங்க, எல்லாத்தையும் சபையில சொல்லிப்புடும்."

ராசா பக்கத்துல உக்காந்திருந்த ராணியைப் பார்த்தார். ராணி ராசாவைப் பார்த்தாங்க.

"எடுத்துட்டுப் போங்க! இப்பவே போங்க!"

வைக்கப்போர்ல கிடைச்ச வெள்ளித் துப்பாக்கியையே தளவாய் கையில கொடுத்து, ராசா அவரைச் சடையனோட கடலைக்காட்டுக் காவலுக்கு அனுப்பினார். அவர் சுடச் சுட ஒண்ணும் படல, பன்றியெல்லாம் வேடிக்கை பார்க்கக் கூட்டமா வந்து நின்னுச்சு. சடையனுக்குக் குறி பார்க்க ரொம்பச் சௌகரியம்.

கடலை வீடு வந்து சேர்ந்துச்சு. "அது குறி சொல்லாதுய்யா"ன்னு சடையன் சாகுற வரைக்கும் கத்தினான், ஒருத்தனும் நம்பல. மடியில களவு இருந்தா மரக்கட்டையும் பேசுற மாதிரிதான் தெரியும், அவ்வளவுதான் சங்கதி. அவங்க அங்க சுகம், நாம இங்க கொட்டாவி. படுங்க போங்க.