கொக்கி இல்லாத பை

முதலில் ஒரு விடுகதை. குளித்துவிட்டுக் கரைக்கு வருகிறார். துணியைக் காயப் போடுகிறார். கொடியும் அவரே, துணியும் அவரே. யார் அவர்?

தெரியவில்லை என்றால் காலை பத்து மணிக்கு ஏதாவது ஓர் ஏரிப் பக்கம் போய்ப் பாருங்கள். தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரத்தின் உச்சியில், கறுப்பாக ஒரு பறவை இரண்டு இறக்கைகளையும் அகல விரித்தபடி அசையாமல் நிற்கும். அதுதான் நீர்க்காகம். அதன் பிழைப்பு தண்ணீரில்தான். ஆனாலும் நனைந்தால் வாத்தைப் போல ஓர் உதறு உதறிவிட்டுப் போக அதனால் முடியாது. அது ஏன் அப்படி ஆயிற்று என்பதுதான் இந்தக் கதை.

அந்தக் காலத்தில், பறவைகளும் விலங்குகளும் மரங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, நீர்ப்பறவைகளின் இறகில் தண்ணீர் ஒட்டாதிருக்க ஓர் இலுப்பை மரம் எண்ணெய் கொடுத்தது. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு சின்னச் சுரைக்குடுக்கை நிறைய.

"இதில் ஒரு சொட்டாவது மிச்சம் வையுங்கள். மறுநாள் தானாக நிரம்பியிருக்கும்" என்றது இலுப்பை. "என்னிடம் இருந்ததை எல்லாம் பங்கு வைத்துவிட்டேன். தொலைத்துவிட்டு வந்தால் கொடுக்க இனி ஒன்றும் இல்லை."

நீர்க்காகங்களின் குடுக்கையை ஆண்டுக்கு ஒரு குடும்பம் முறை வைத்துக் காத்து வந்தது. அந்த ஆண்டு முறை ஆழியனுடையது. ஆழியன் வீட்டில் அப்போது இரண்டே பேர். ஆழியனும் அவன் மகள் சேலியும்.

சேலியின் அம்மா நீலாயி, முந்தைய ஐப்பசி மழையில், ஏரி நிறைந்து கலங்கிக் கிடந்த நாளில் மீனுக்காக மூழ்கினாள். மேலே வரவில்லை. ஆழியன் அவள் மூழ்கிய இடத்திலேயே பொழுது சாயும் வரை மிதந்துகொண்டிருந்தான். அவள் விட்டுப் போனது ஒரு சீப்பு மட்டும். அவளே பிடித்த பெரிய விரால் மீனின் முதுகு முள்தான் அந்தச் சீப்பு. சாயங்காலம் ஆனால் சேலியை முன்னால் உட்கார வைத்து அதில்தான் இறகு வாரிவிடுவாள். இடது பக்கத்தில் ஒரு பல் உடைந்திருந்தது. வாரும்போது அந்த இடம் மட்டும் குத்தாது.

பங்குனி பிறந்தது. ஏரி வற்றிச் சேறாயிற்று. ஐந்து நாள் பறந்தால் வரும் கழிமுகத்துக்கு எல்லாப் பறவைகளும் கிளம்பத் தயாராயின. வழியில் ஒவ்வொரு குளத்திலும் இறங்க வேண்டும். குளிக்க வேண்டும், எண்ணெய் பூச வேண்டும், இறகு வார வேண்டும். அதனால் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு குளியல் பை தேவைப்பட்டது.

பை பின்னுவதில் தூக்கணாங்குருவி நாரப்பனுக்கு இணை கிடையாது. அவனுடைய பனைமரம் முழுக்கப் பைகள் ஆடிக்கொண்டிருந்தன. ஆழியனும் சேலியும் போனபோது அங்கே ஒரு வாத்து நின்று பிடிவாதம் பண்ணிக்கொண்டிருந்தது.

"எனக்கு மாட்டவும் வேணாம், அவுக்கவும் வேணாம். நான் மறந்துடுவேன் நாரப்பா. மறக்கவே முடியாத இடத்துல வச்சுக் கட்டு."

"அப்போ வாலடியிலதான் கட்டணும்."

"கட்டேன்! எனக்கு வாய் எட்டும்."

நாரப்பன் குடுக்கையை வாத்தின் வாலடியில் வைத்து நாரால் இறுக்கி முடிந்தான். வாத்து கழுத்தைத் திருப்பி அலகால் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டு ஆடி ஆடிப் போயிற்று. இன்றைக்கும் வாத்து அலகை வாலடிக்குக் கொண்டுபோய் எண்ணெய் தொட்டு எடுப்பதைப் பார்க்கலாம்.

"வாங்க ஆழியண்ணே" என்றான் நாரப்பன். "உங்களுக்கு அது ஆகாது. நீங்க ஆழத்துக்கு முங்கறவங்க. தண்ணி அழுத்துற அழுத்துல குடுக்கை நசுங்கிடும். கரையில மாட்டிட்டுப் போற பைதான் உங்களுக்குச் சரி. இதைப் பாருங்க."

கோரைப் புல்லில் நெருக்கிப் பின்னிய பை. சுருட்டினால் ஒரு கொக்கு முட்டை அளவுதான். அவிழ்த்து, மேலே இருந்த வேலமுள் கொக்கியைக் கிளையில் மாட்டியதும் நீளமாகத் தொங்கியது. மேல் அறை குடுக்கைக்கு. கழுத்தில் சுருக்குக் கயிறு. நடு அறை தேய்த்துக் குளிக்கும் அரப்புப் பொடிக்கு. அடி அறையில் ஈரம் வடியட்டும் என்று கண் கண்ணாகப் பின்னல்.

"காத்துல ஆடும், விழாது. மழை வந்தாலும் மேல் அறையில சொட்டு இறங்காது. எறும்பு ஏற முடியாது. எருமை மிதிக்க முடியாது" என்றான் நாரப்பன்.

ஆழியனுக்குப் பிடித்துவிட்டது. குடுக்கையை வைத்துப் பார்த்தான். கச்சிதமாக உட்கார்ந்தது.

"சீப்பு?" என்றாள் சேலி.

சீப்பு எந்த அறைக்குள்ளும் போகவில்லை. நேராக வைத்தால் பாதி வெளியே நின்றது. குறுக்கே வைத்தால் முள் பின்னலைக் கிழித்தது.

"மூணு நாள் குடுங்க. இதுக்குன்னு நீளமா ஓர் அறை வச்சுத் தரேன்."

"நாளைக்கு விடியறப்போ கிளம்பறோமே" என்றான் ஆழியன்.

சேலி அதை அலகில் கவ்விப் பார்த்தாள். "இப்படியே வச்சுக்கிட்டு..." என்று சொல்ல வாயைத் திறந்ததும் சீப்பு கீழே விழுந்தது.

"பாப்பா அஞ்சு நாள் பேசாம பறக்குமா?" என்று கேட்டான் நாரப்பன்.

"அரை நாள் தாங்க மாட்டா" என்றான் ஆழியன்.

முதுகில் கட்டிப் பார்த்தார்கள். இறக்கையை அடிக்கும்போதெல்லாம் முள் குத்தியது. ஆழியன் குனிந்து மெதுவாகச் சொன்னான்: "சேலி, இதைக் கூட்டுலயே பத்திரமா வச்சுட்டுப் போவோம்மா. மழைக்குத் திரும்பி வரப் போறோம்ல?"

"அம்மாவைத் தனியா விட்டுட்டா?"

ஆழியன் நிமிர்ந்து வேறு பக்கம் பார்த்தான். அது சீப்பு, அம்மா இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

சேலி பனைமரத்தடியைச் சுற்றி வந்தாள். ஓர் ஓரத்தில் கொட்டான் என்ற சின்னப் பனையோலைக் கூடை ஒன்று இருந்தது. நாலு மூலை, தட்டையான அடி, அகலமான வாய். சீப்பை அதில் வைத்தாள். முழுசாகப் படுத்துக்கொண்டது. பக்கத்தில் குடுக்கைக்கும் இடம் இருந்தது.

"இது போதும்ப்பா."

"ஐயோ, அது பயணத்துக்கு இல்லம்மா" என்றான் நாரப்பன். "என் வீட்டுக்காரி நெல்மணி எடுத்து வைக்கப் பின்னினது. அதை மாட்ட முடியாது. கயிறு கட்டித் தொங்கவிட்டா ஒரு பக்கம் சாஞ்சு உள்ள இருக்கிறதெல்லாம் கொட்டிடும். தரையிலதான் வைக்கணும்."

"தரையில வச்சுக்கறோம்."

"யாராவது பக்கத்துலயே காவல் இருக்கணுமே?"

சேலி அப்பாவைப் பார்த்தாள். ஆழியன் கொட்டானைப் பார்த்தான். அதற்குள் கிடந்த சீப்பைப் பார்த்தான்.

"நான் இருக்கேன்" என்றான்.

நாரப்பன் கொட்டானின் ஓரத்தில் பிரிந்திருந்த ஓலையை இழுத்துச் செருகினான். பிறகு, "என் வீட்டுக்காரி நான் கட்டின நாலு கூட்டை வேணாம்னு தள்ளிட்டு அஞ்சாவதுக்குத்தான் தலையை ஆட்டினா. எனக்கு வருத்தமெல்லாம் கிடையாது. ஆனா இந்தத் தடவை நான் சொன்னதைக் கேட்டிருக்கலாம் அண்ணே" என்று சொல்லிக் கொட்டானை எடுத்துக் கொடுத்தான்.

மறுநாள் நீர்க்காகங்கள் கிளம்பின. முன்னால் பறந்தவள் ஆழியனின் அக்கா இருளாயி. அவள் சொன்னால் கூட்டம் இறங்கும், அவள் சொன்னால் ஏறும். தம்பியின் முதுகில் கட்டியிருந்த கொட்டானைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது.

"என்னடா இது, சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போறியா? நாம எல்லாரோட எண்ணெயும் இதுலதான் இருக்கு, நினைப்பு இருக்கா?"

"இருக்குக்கா. நான் பாத்துக்கறேன்."

முதல் குளத்தில் எல்லாப் பறவைகளும் பைகளைக் கிளையில் மாட்டிவிட்டு மீனுக்குப் போயின. ஆழியன் மட்டும் கரையில் கொட்டானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அன்று அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. இரண்டாம் குளத்திலும் அப்படித்தான். கூட்டத்தார் கொண்டுவந்து கொடுத்த இரண்டு கெண்டைகளையும் சேலிக்கே ஊட்டிவிட்டான்.

மூன்றாம் நாள் காலை, பறக்கும்போதே அவனுக்கு இறக்கை நடுங்கியது. இறங்கிய குளம் பெரியது. வயலுக்காக மதகைத் திறந்து விட்டிருந்தார்கள். தண்ணீர் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் போய்க்கொண்டிருந்தது. கூட்டம் நடுக்குளத்துக்குப் போய்விட்டது. கொட்டானைத் தண்ணீர் ஓரத்தில் ஒரு தட்டைக் கல்லின் மேல் வைத்தார்கள்.

"நீ போய்ச் சாப்பிட்டு வாப்பா. நான் இருக்கேன்" என்றாள் சேலி.

"வேண்டாம்மா."

"நேத்தும் சாப்பிடலை, முந்தாநாளும் சாப்பிடலை. நீ விழுந்துட்டா நான் யார்கூடப் போவேன்?"

ஆழியன் போனான். தூரமாகப் போகவில்லை. கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்திலேயே ஒரு முறை மூழ்கி எழுந்தான்.

அப்போதுதான் எருமைகள் வந்தன. பன்னிரண்டு எருமைகள், வெயிலுக்குத் தண்ணீரில் படுத்துக்கொள்ள வந்தவை.

"நில்லுங்க, நில்லுங்க! இங்க எங்க பொருள் இருக்கு!" என்று சேலி கத்தினாள்.

"எங்கே பாப்பா?" என்று முன்னால் வந்த எருமை நின்று கேட்டது. ஆனால் பின்னால் வந்தவை நிற்கவில்லை. அவை முட்டித் தள்ளியதில் முன்னது தொபுக்கென்று தண்ணீரில் இறங்கியது. எழுந்த அலை கல்லின் மேல் ஏறிக் கொட்டானைக் கவிழ்த்தது.

குடுக்கை மிதந்தது. தண்ணீர் இழுத்த பக்கமாக, மதகை நோக்கி மெதுவாகப் போனது. சீப்பு முள்ளாயிற்றே, அது மூழ்கியது. கலங்கிய தண்ணீருக்குள் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது, பிறகு மங்கியது.

சேலி இரண்டையும் பார்த்தாள். "அப்பா!" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். பிறகு சீப்பின் பின்னால் மூழ்கினாள்.

ஆழியன் திரும்பினான். மகள் கலங்கிய தண்ணீருக்குள் மறைவதைப் பார்த்தான். அவள் மறைந்த இடத்துக்கு விரைந்து நீந்தினான். அவனுடைய வலது பக்கமாக, அலகு எட்டும் தூரத்தில், குடுக்கை போய்க்கொண்டிருந்தது. கழுத்தை நீட்டி எட்டிக் கவ்வியிருக்கலாம்.

அவன் கழுத்தை நீட்டவில்லை. சேலி மூழ்கிய இடத்திலிருந்து கண்ணை எடுக்க அவனால் முடியவில்லை. தண்ணீரில் குமிழி வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று வந்தது. பிறகு வெகு நேரம் எதுவும் வரவில்லை. அவன் தானும் மூழ்கக் கழுத்தை வளைத்தபோது, இரண்டு முழம் தள்ளிச் சேலி மேலே வந்தாள். அலகில் சீப்பு இருந்தது.

குடுக்கை மதகுக்குள் போய்விட்டிருந்தது.

வாய்க்காலோடு பறந்து தேடினார்கள். குடுக்கை கல்லில் மோதி இரண்டாகப் பிளந்து ஒரு வரப்போரம் ஒதுங்கிக் கிடந்தது. எண்ணெய் வயல் தண்ணீரின் மேல் ஏழு நிறமாகப் பரந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்றுகளுக்கிடையில் கலைந்து போனது. அதே குளத்தில் இறங்கியிருந்த வாத்துகள் இரக்கப்பட்டுத் தங்கள் எண்ணெயைப் பூசிப் பார்த்தன. ஓர் இனத்தின் எண்ணெய் இன்னோர் இனத்தின் இறகில் ஒட்டவில்லை.

முன்பு பூசியிருந்த எண்ணெய் மூழ்க மூழ்கக் கரைந்தது; நீர்க்காகங்கள் முதல் முறையாக நனைந்தன. இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டின. உடம்பு கனத்தது. யாராலும் எழும்பிப் பறக்க முடியவில்லை. கரையில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள்.

இருளாயி தம்பியிடம் வந்தாள்.

"குடுக்கை உன் பக்கமாத்தானேடா போச்சு?"

"ஆமாக்கா."

"அலகு எட்டுற தூரமா?"

"ஆமா."

"பின்ன ஏன்டா விட்டே?"

"அவ அப்போ மேல வரலைக்கா" என்றான் ஆழியன்.

ஐப்பசியில் தம்பி மிதந்துகொண்டே இருந்த சாயங்காலத்தை இருளாயியும் பார்த்திருந்தாள். அவள் திரும்பிப் போய், ஒரு பட்டமரத்தின் மேல் தட்டுத்தடுமாறி ஏறி, இரண்டு இறக்கைகளையும் விரித்து வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். வேறு வழி தெரியவில்லை. ஒவ்வொருவராக எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

அன்று முதல்தான் நீர்க்காகங்கள் ஒவ்வொரு முறை மூழ்கி எழுந்ததும் இறக்கையை விரித்து, வெயில் காய்ந்து, அதன் பிறகே பறக்கின்றன.

அன்று வெயில் உச்சிக்கு வந்தபோது இருளாயி விரித்த இறக்கையை மடக்காமலே சேலியைக் கூப்பிட்டாள்.

"எல்லாரும் எப்படி நிக்கறாங்கன்னு பாத்தியா?"

"பாத்தேன் அத்தை."

"மறுபடியும் அதே மாதிரி ரெண்டும் தண்ணியில போனா, எதைப் பிடிப்பே?"

சேலி ஒவ்வொருவராக எல்லோரையும் பார்த்தாள். கடைசியில் அப்பாவைப் பார்த்தாள்.

"சீப்பை" என்றாள்.