எருக்கமலை வட்டம்

“குருவே, பேரு உட்கார மாட்டேங்குதுங்க.”

அவினாசியப்பன் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்து நின்றார். பேருந்து டிப்போவில் புள்ளிவிவரப் பிரிவுக் கண்காணிப்பாளர். ஓய்வு பெறும் காலம் நெருங்கிவிட்டது. அவர் குரு என்று அழைத்தது கோகிலவாணியை. கணினியில் கணக்கைப் படமாக்கிக் காட்டும் டேஷ்போர்டைக் கற்றுக்கொடுக்கத் தலைமை அலுவலகம் அனுப்பிய பெண். அவருடைய மகளைவிடச் சின்னவள்.

முதல் நாள் கிண்டலாகத்தான் ‘குருவே’ என்றார். ஒரே வாரத்தில் கிண்டல் போய்விட்டது, குரு மட்டும் நிலைத்து நின்றுவிட்டாள்.

நிற்காமல் என்ன செய்வாள்? அந்த முதல் வாரத்தில் அவர் ஒரு வட்டப்படம் போட்டிருந்தார். கலர் கலராகத் துண்டுகள், அடியில் நிழல், தட்டைச் சாய்த்துப் பிடித்ததுபோல ஒரு சாய்வு. ஆபீஸே வந்து பார்த்து மெச்சியது.

“இதுல எதுங்க சார் பெரிய துண்டு?” என்று கேட்டாள்.

முன்னால் இருந்ததைத் தொட்டுக் காட்டினார்.

அவள் சாய்வை நிமிர்த்தினாள். முன்துண்டு சிறுத்துப்போனது. பின்னால் பதுங்கியிருந்தது பெரிதாக எழுந்து வந்தது.

“என்னங்க பண்ணுனீங்க?”

“ஒண்ணுமே பண்ணலீங்க சார். நேரா வெச்சேன்.”

அன்றைக்கு அவர் மனசுக்குள் விழுந்த கும்பிடு, நெடுஞ்சாண்கிடையான கும்பிடு.

சரி, இன்றைய வழக்குக்கு வருவோம்.

“யாரு பேருங்க சார் உட்கார மாட்டேங்குது?”

“எருக்கமலைங்க. சாயங்காலம் எந்த ஊருக்கு எவ்வளவு கூட்டம் போகுதுன்னு பை சார்ட் போட்டேன். எல்லா ஊரும் ஜம்முனு உட்கார்ந்துக்குச்சு. இது மட்டும் நூலாட்டம் இருக்குது. பேர எங்க வெக்கிறது?”

“உட்கார எடமில்லைன்னா நிக்கட்டும்.”

டிப்போக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? பெயரை வட்டத்துக்கு வெளியே இழுத்தார். ஒற்றைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டில் தொங்குகிறவனைப் போல எருக்கமலை வெளியே தொங்கியது.

“பிரமாதம்!” என்றார்.

அவள் பிரமாதம் என்று சொல்லவில்லை.

“இந்தப் படம் எதுக்குங்க சார்?”

“நாலு மணிக்கு மேலாளர் கூட்டம் போடறாருங்க. ஒரு வண்டிய நிறுத்தோணும். எதைன்னு இதைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாரு.”

“எதுவா இருக்கும்?”

“இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது? எருக்கமலைதான். சாயங்காலம் மேல ஏறுது, அங்கயே தங்கி விடியக்காலம் எறங்குது. அவ்வளவுதான் அதோட பொழப்பு.”

“நின்னுபோச்சுன்னா?”

“காலேஜு போற பிள்ளைங்க, மில்லுக்கு வர்ற பொம்பளைங்க, எல்லாரும் நடக்கோணும். ரோட்டுல ஆனை நிக்கும்.” கொஞ்சம் குரல் இறங்கியது. “பாவந்தானுங்க. ஆனா படமே சொல்லுதுங்களே, நாம என்ன பண்றது? இத்தனை கூட்டத்துல அது கண்ணுக்கே தெரியலீங்க.”

குரு படத்தைப் பார்க்கவில்லை. மேசை ஓரத்தில் இருந்த அவருடைய டிபன் கேரியரைப் பார்த்தாள்.

“இன்னைக்கு என்னங்க சார்?”

“கொள்ளும் பருப்புங்க. ஒரு வாய் எடுத்துக்கறீங்களா?”

“இன்னைக்கு இந்த ஊர்ல வெந்த சோத்துல இது எவ்வளவு இருக்கும்?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதுக்கெல்லாம் படம் போட்டா இது கண்ணுக்கே தெரியாதுங்க.”

“அப்படீங்களா.”

கேரியரைத் தூக்கினாள். பீரோவில் வைத்தாள். பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் பாடம் எடுக்கப் போய்விட்டாள்.

விளையாட்டுப் பிள்ளை, இப்போது வந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தார்.

சாப்பாட்டு நேரம் வந்தது. குரு வரவில்லை.

எல்லோரும் கை கழுவிவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். குரு வரவில்லை.

கேண்டீனில் போய் உட்கார்ந்தால் யார் தடுக்கப்போகிறார்கள்? ஆனால் குரு பூட்டியது ஏதோ விடுகதை. அதை அவிழ்க்காமல் பரோட்டாவைப் பிய்த்தால் தோற்றதாக ஆகிவிடும். மனிதருக்கு அப்படி ஒரு வீம்பு. இந்த வயதில் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு இந்த வீம்பாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்னத்தைக் கற்பது?

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அவருக்கு முதலில் பறந்தது பக்திதான்.

கடைசியில் அவள் வந்தாள்.

“மேடம்!” ‘குருவே’ எல்லாம் போயே போச்சு. “இதென்னங்க நியாயம்? காலைல பழையசோறு குடிச்சது!”

“ஊர்ல எவ்வளவோ சோறு வெந்திருக்குங்களே சார்.”

“ஊர்ல வண்டி வண்டியா வெந்தா எனக்கென்னங்க? என்ற வயித்துக்கு இது ஒண்ணுதானுங்களே!”

“ஆமாங்களா?” என்றாள்.

சாவியை எடுத்து அவருடைய கீபோர்டின் மேல் வைத்தாள்.

அவர் சாவிக்குக் கையை நீட்டினார். கை பாதியில் நின்றது.

திரையைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

பிறகு சாவியை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

பழைய படத்தை அழிக்கவில்லை. அது பொய் சொல்லவில்லையே, எதற்கு அழிப்பது? பக்கத்தில் புதிதாக ஒரு வட்டம் திறந்தார். யாருடைய கணக்கு என்று கேட்கும் கட்டத்தில் ‘டிப்போவின் எல்லாப் பயணிகளும்’ என்று இருந்தது. அதை எடுத்தார். ‘எருக்கமலைக்குப் போகிறவர்கள்’ என்று போட்டார். எதைக் கொண்டு துண்டு போடுவது என்ற கட்டத்தில் ‘எந்த வண்டியில்’ என்று போட்டார்.

பட்டனை அழுத்தினார்.

வட்டம் வந்தது. முழு நீலம். ஒரு கோடுகூட விழவில்லை.

மறுபடி அழுத்தினார். அதே நீலம்.

“குருவே, எங்கியோ தப்புப் பண்ணிப்போட்டேன். துண்டே விழமாட்டேங்குதுங்க.”

அவள் வந்து குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். இத்தனை நாளில் அவர் போட்ட எந்தப் படத்தையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

“இது உங்களுக்கு நான் சொல்லிக் குடுத்ததில்லைங்க சார்,” என்றாள். “போய்ச் சாப்புடுங்க. நாலு மணி ஆகப்போகுது.”

நாலு மணிக்குக் கூட்டம். பெரிய திரையில் முதல் படம் வந்தது. மேலாளர் அந்த நூலைப் பார்த்தார், தலையை ஆட்டினார், பேனா மூடியைத் திறந்தார்.

“இன்னொண்ணும் இருக்குதுங்க சார்,” என்றார் அவினாசியப்பன்.

திரை முழுக்க நீல வட்டம்.

“இது என்னங்க படம்?”

“எருக்கமலைக்காரங்க எந்தெந்த வண்டியில ஊட்டுக்குப் போறாங்கங்கற படமுங்க.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ஒரே கலரா இருக்குது? மத்த துண்டெல்லாம் எங்கங்க அவினாசியப்பன்?”

அவினாசியப்பன் எழுந்து நின்றார்.

“மத்த வண்டி இல்லைங்க சார்.”