நாலு விரல் நறுக்கு

ஒரு காலத்தில் கருவைநகர் என்று ஒரு பட்டணம், அதற்கு ஒரு ராஜா. ராஜா இல்லாமல் கதை ஏது? இவன் கெட்டவன் இல்லை. யாரையும் அடிக்க மாட்டான், யார் சொத்தையும் பிடுங்க மாட்டான். ஆனால் அவனுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. குடிமக்கள் குறை சொல்ல வந்தால் அதைப் பாட்டாகத்தான் சொல்ல வேண்டும். வெறும் பேச்சு அவன் காதில் ஏறாது. வயிறு காய்ந்தவன் எங்கே போய் எதுகை தேடுவான் என்று அவனுக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இல்லை. கதையைத் தொடங்கும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. பொறுத்துக்கொண்டு கேளுங்கள்.

வருஷத்தில் இரண்டு நாள், ஆடிப் பௌர்ணமியும் தைப் பௌர்ணமியும், ராஜா குறை கேட்பான். பாட்டோடு வந்தவன் உள்ளே போகலாம். பாட்டு இல்லாதவன் வாசலோடு திரும்ப வேண்டும்.

பட்டணத்திலிருந்து இரண்டு காத தூரத்தில் மருதங்குளம் என்று ஓர் ஊர். அங்கே மாயக்காள் என்று ஒருத்தி. எழுதுவதற்குப் பனையோலை வாருவது அவள் தொழில். குருத்தோலையை வெட்டி, நிழலில் உலர்த்தி, மஞ்சள் தண்ணீரில் வேகவைத்து, சங்கால் தேய்த்து, ஓரத்தை வாரிக் கொடுப்பாள். ஓலை வாங்க வருகிறவர்கள் எழுதுவதைப் பார்த்துப் பார்த்தே எழுத்தும் படித்துவிட்டாள். ஏரிக்குக் கீழே மூன்று மா நிலம் இருந்தது. மூக்குக்கு மேலே கோபம் இருந்தது.

அவளிடம் ஓலை வாங்குகிறவர்களில் பெரியவர் திருமேனிப் புலவர், ராஜாவின் சபைப் புலவர். வருஷா வருஷம் நூறு ஓலை வாங்குவார். "மகாகாவியம் ஒன்று மனசுக்குள் இருக்கிறது, மாயக்கா. நல்ல ஓலையாக வாரு" என்பார். அடுத்த வருஷம் அவள் புதுக் கட்டைச் சுமந்துகொண்டு போனால் பழைய கட்டு கயிறு அவிழ்க்காமல் அப்படியே பரணில் கிடக்கும். கேட்டால், "நல்ல நேரம் வரவேண்டாமா?" என்பார். மூன்று வருஷம், மூன்று கட்டு. ஒரு ஓலையிலும் ஒரு கீறல் இல்லை.

அந்தச் சமயம் ராஜா அரண்மனையில் ஒரு தாமரைக் குளம் வெட்டினான். கருவைநகர் செம்மண் பூமி. எவ்வளவு தோண்டியும் தண்ணீர் வரவில்லை. ராஜாவின் முகம் வாடுவதைப் பார்த்த புலவர் ஒரு காரியம் செய்தார். ராஜாவுக்குத் தெரியாமல் அவன் முத்திரைக் கோலை எடுத்துக் காவலாட்களிடம் கொடுத்து, மருதங்குளத்து ஏரி மடையை அடைத்து, அங்கிருந்து பட்டணம் வரை பூமிக்கடியில் ஒரு கால்வாய் போடச் சொன்னார். ஏரித் தண்ணீர் முழுவதும் அந்தக் கால்வாய் வழியாகப் பட்டணத்துக்குப் போனது. குளம் நிறைந்தது. புலவர் எழுந்து நின்று, "அரசே, இது உங்கள் புண்ணியத்தில் பொங்கிய ஊற்று" என்று பாடினார். ராஜா நம்பினான். புகழ்ச்சியை நம்பாத ராஜாவை நான் இன்னும் எந்தக் கதையிலும் பார்க்கவில்லை.

இதெல்லாம் மருதங்குளத்துக்கு எப்படித் தெரியும்? முத்திரைக் கோலைப் பார்த்தார்கள், ராஜாவின் உத்தரவு என்று நினைத்தார்கள். பாட்டுக் கட்ட ஆள் தேடி யாரிடம் போனார்கள் தெரியுமா? திருமேனிப் புலவரிடமே போனார்கள். திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதைதான்.

"கவலைப்படாதீர்கள், நான் பாடுகிறேன்" என்றார் புலவர்.

ஆடிப் பௌர்ணமி வந்தது. புலவர் பாடினார். ஊற்றைப் பாடினார், தாமரையைப் பாடினார், ராஜாவின் குடையைப் பாடினார். கடைசி அடியில், "மருதங்குளத்து மக்களும் மனம் குளிர்ந்து வாழ்த்துகிறார்கள்" என்று முடித்தார். ராஜா பட்டுச் சால்வை எடுத்துப் போர்த்தினான். கூட்டத்தில் நின்ற மாயக்காளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமிக்குப் பக்தன் வந்ததே தெரியாது. அவள் உடம்பெல்லாம் எரிந்தது.

அந்தப் போகம் கதிர் பால் பிடிக்கும்போது தண்ணீர் இல்லாமல் அத்தனையும் பதராகப் போனது. மாயக்காளின் நாத்தனார் சிவனம்மாள் உழவு மாட்டைச் சந்தையில் விற்றுவிட்டு, வெறும் கயிற்றோடு வீடு திரும்பினாள்.

"இனி எவனும் நமக்காகப் பாட வேணாம். நானே பாடுறேன்" என்றாள் மாயக்காள். "எனக்கு இருக்கிற கோபத்துக்குப் பாட்டு தானா வரும்."

தானாக வருமாம். இங்கேதான் எனக்கு அவள்மேலும் கோபம். ஐந்து மாதம் வாயால் வைதுகொண்டே இருந்தாள், ஒரு வரி எழுதவில்லை. தைப் பௌர்ணமிக்கு முதல் நாள், பட்டணம் போகும் வழியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து எழுத்தாணியை எடுத்தாள். தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்ட உட்கார்ந்தாள். அழுத்திய அழுத்தில் முதல் ஓலை கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. மூன்றாவது ஓலை கிழியவில்லை, ஆனால் அதில் எழுதவும் ஒன்றும் வரவில்லை.

மறுநாள் சபையில் ராஜா, "பாடு" என்றான்.

நெஞ்சில் ஏரி அளவு இருந்தது. வாயில், "பாவி, பாவி, பாவி" என்று மட்டும் வந்தது. அதற்குமேல் சொல் இல்லை. சபை சிரித்தது. திருமேனிப் புலவர் சால்வையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். காவலாள் அவளைத் தோளில் தொட்டு வெளியே அனுப்பினான். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அவன் சொன்னதும் அவள் காதில் விழுந்தது.

இரண்டாம் போகத்துக்கு நாற்றுப் பாவவே வழியில்லை. சிவனம்மாள் வந்து நின்றாள்.

"மதினி, ஆடிக்கு மடை திறந்தா விதைப்போம். இல்லேன்னா நாங்க ஊரை விட்டுப் போறோம். எங்க பின்னாடி இன்னும் முப்பது வீடு கிளம்பும்."

மாயக்காள் உள்ளே போய்க் கோபத்தோடு உட்கார்ந்தாள். பக்கத்தில் ஓலை வாரும்போது விழுந்த நறுக்குகள் குவிந்து கிடந்தன. நாலு விரல் நீளம். அடுப்பெரிக்க மட்டும் ஆகும். ஒன்றை எடுத்தாள். "திருமேனிப் புலவர் வாயில் மண்" என்று எழுதினாள். ஒரு வரிதான் பிடித்தது. ஆனால் ஓலை கிழியவில்லை. மனசு கொஞ்சம் ஆறியது.

மறுநாள் காலையில் இன்னொரு நறுக்கு, இன்னொரு வசை. அதற்கு மறுநாள் இன்னொன்று. பத்தாம் நாள் பார்த்தால் சரக்குத் தீர்ந்துவிட்டது. வாயில் மண், வாயில் சாணி, மறுபடியும் மண். ஒருவரை ஒழுங்காக வையவும் தெரியவில்லையே என்று இப்போது அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் தனக்குத் தானே மூன்று கட்டளை போட்டுக்கொண்டாள்.

அடுப்பு மூட்டும் முன் ஒரு நறுக்கு எழுத வேண்டும். நேற்று எழுதிய சொல் இன்று வரக்கூடாது. எழுதுவது தன் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும்.

சொல்ல எளிது. ஒரு நாள், "இன்று எழுத ஒன்றும் இல்லை" என்று எழுதி ஏமாற்றினாள். மறுநாளும் அதையே எழுத முடியாதே, கட்டளை இருக்கிறதே. வேறு வழியில்லாமல் எழுந்து வெளியே போனாள். அடைத்த மடையைப் பார்த்தாள். திரும்பி வந்து, "கொக்கு கூட மடையை மறந்துவிட்டது" என்று எழுதினாள். இன்னொரு நாள், "சிவனம்மாள் வீட்டில் மாடு இல்லாத கயிற்றில் துணி காய்கிறது" என்று எழுதினாள். இன்னொரு நாள், "எங்கள் ஏரிச் சேறு கருப்பு, நகக்கண்ணில் ஏறினால் மூன்று நாள் போகாது" என்று எழுதினாள். நல்ல வரியும் வந்தது, நாசமாய்ப் போன வரியும் வந்தது. எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்தாள்.

சிவனம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஊரே காஞ்சு கெடக்கு. நாலு விரல் ஓலையில என்னத்தைக் கிழிக்கப் போறீங்க, மதினி?"

"போன தடவை பெரிய ஓலையைத்தான் கிழிச்சேன்" என்றாள் மாயக்காள். "இப்போ எழுதுறேன்."

காய்ச்சல் வந்த நாளிலும் எழுதினாள். ஒரு நாள் கஞ்சிக்கு அரிசி இல்லை, அடுப்பு மூட்டவே வேண்டியிருக்கவில்லை. அன்றும் எழுதினாள். தையிலிருந்து ஆடிக்குள் நூற்றெழுபத்தைந்து நறுக்கு சேர்ந்தது.

ஆடிப் பௌர்ணமி. சபை இந்த முறை தாமரைக் குளத்துப் படித்துறையில் கூடியது. மாயக்காளைப் பார்த்ததும் புலவர் ராஜாவின் பக்கம் குனிந்து, "அரசே, இவள் வசை பாடுகிறவள். இந்தக் குளத்தைப் பற்றி மட்டும் பாடச் சொல்லுங்கள். அதுவும் இப்போதே, ஒரு நாழிகைக்குள்" என்றார். ராஜா அப்படியே சொன்னான். குளத்தைப் புகழ்ந்தால் குறை போச்சு, குறையைச் சொன்னால் பாட்டு போச்சு. அப்படி ஒரு கிடுக்கி.

பழைய மாயக்காளாக இருந்தால் அந்த இடத்திலேயே வெடித்திருப்பாள். இப்போதும் நெஞ்சு கொதிக்கத்தான் செய்தது. ஆனால் கண் பழக்கத்தில் பார்க்கத் தொடங்கிவிட்டது. நேற்று எழுதாத எது இங்கே இருக்கிறது? படியில் இறங்கிக் காலை நனைத்தாள். காலைத் தூக்கிப் பார்த்தாள். ஓலை எடுத்து எழுதினாள். நாழிகை பாதிகூட ஆகவில்லை. படித்தாள்.

செம்மண் நகரில் செதுக்கிய குளமே,
செந்தாமரை நூறு அழகுதான், அரசே.
காலைக் கழுவப் படியில் இறங்கினேன்,
கணுக்கால் ஏறிய சேறு கருப்பு.
ஊற்றில் வந்தால் ஏன் இந்தக் கருப்பு?
எங்கள் ஏரி இங்கே, எங்கள் நெல் எங்கே?

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

ராஜா எழுந்து வந்து குளத்தில் கையை விட்டுத் துழாவினான். கருப்புச் சேறு கையில் வந்தது.

"குளத்துச் சேறு எங்கேயும் கருப்புதான், அரசே" என்றார் புலவர்.

"எங்க ஏரிச் சேறா இருந்தா நகக்கண்ணை விட்டு மூணு நாளைக்குப் போகாது" என்றாள் மாயக்காள். "கழுவிப் பாருங்க, ராஜா. நான் வாசல்லயே இருக்கேன்."

முதல் நாள் ராஜா வெந்நீரில் கழுவினான். போகவில்லை. இரண்டாம் நாள் சீயக்காய் போட்டுத் தேய்த்தான். போகவில்லை. மூன்றாம் நாள் புளியைக் கரைத்து ஊறவைத்தான். சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் நகக்கண்ணில் மருதங்குளம் தெரிந்தது. சோறு இறங்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த மாயக்காள் அந்த மூன்று நாளும் காலையில் ஒவ்வொரு நறுக்கு எழுதினாள்.

மூன்றாம் நாள் மாலை ராஜா சபையைக் கூட்டி, கையை நீட்டினான்.

"புலவரே, ஓலை வாருகிறவள் நாழிகைக்குள் பாடினாள். நீரும் பாடும். குளத்தைப் பார்க்க வேண்டாம். என் நகத்தைப் பார்த்துப் பாடும்."

புலவர் ஓலை வேண்டும் என்றார். வீட்டுப் பரணிலிருந்து மூன்று கட்டும் வந்தன. கயிற்றை அவிழ்த்தால் உள்ளே எல்லாம் செல் அரித்து மண்ணாகக் கொட்டியது. புலவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், நல்ல நேரம் வருகிறதா என்று பார்த்தாரோ என்னவோ. பன்னிரண்டு வருஷமாகப் பழைய பாட்டில் பெயரை மட்டும் மாற்றிப் பாடிய வாய் அது. ஒரு சொல் வரவில்லை. மடையை அடைத்தவர்கள் முத்திரைக் கோல் காட்டியதை மாயக்காள் சொன்னாள். அதை அவர்களிடம் யார் கொடுத்தது என்று ராஜா கேட்டான். புலவர் காலில் விழுந்து உண்மையைச் சொன்னார்.

சால்வை பறிபோனது. அன்றே மடை திறந்தது. புலவருக்குக் கிடைத்த தண்டனை, மருதங்குளத்து மடையில் உட்கார்ந்து, எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தினமும் தன் கண்ணால் பார்த்து ஒரு வரி எழுதுவது. அதற்கும் நாலு விரல் நறுக்குதான்.

ராஜா சால்வையை மாயக்காளிடம் நீட்டினான். சபைப் புலவராக இருக்கச் சொன்னான். அவள் வாங்கவில்லை. அவள் கோபம் தீரவில்லை, ஏன் தீர வேண்டும்?

"ரெண்டு போகம் போச்சு, ராஜா. அதை இந்தச் சால்வை திருப்பித் தராது. எனக்கு ஆறு மாசம் கெடைச்சுது, பாட்டுக் கட்டக் கத்துக்கிட்டேன். கத்துக்காதவனுக்கும் வயிறு இருக்கு. இனிமே வெறும் பேச்சையும் கேளுங்க."

ராஜா தலையைக் குனிந்தான். குனிந்த இடத்தில் நகம் தெரிந்தது. சரி என்றான். அன்றிலிருந்து கருவைநகரில் யார் எப்படிப் பேசினாலும் குறை கேட்கப்பட்டது.

"விருந்து சாப்பிட்டுப் போகலாமே" என்றான் காவலாள், போன தையில் அவளைத் தோளில் தொட்டு வெளியேற்றிய அதே ஆள்.

"விடியறதுக்குள்ள ஊர் போய்ச் சேரணும்" என்றாள் மாயக்காள். "நாளைக்கு நறுக்கு எழுதணும். மடையில தண்ணி வர்றதை இன்னும் எழுதலை."

ஆகையால் பெரியவர்களே, சிறியவர்களே, கேட்டதை மறக்காதீர்கள்: கோபம் எல்லோருக்கும் வரும், ஆனால் நாள்தோறும் ஒரு வரியாவது எழுதிப் பழகிய கைக்குத்தான் அந்தக் கோபத்தைச் சொல்லும் வார்த்தை வேண்டிய நேரத்தில் வரும்.