அய்யம்பெருமாளுக்காகக் கோட்டைச்சாமி தின்ற பாதாம்

ஊத்துக்குளப்பட்டிக்காரர்களுக்குப் புத்தி கொஞ்சம் மட்டு என்று சொன்னால் அடிக்க வருவார்கள். அதனால் நான் அப்படிச் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன், அப்புறம் உங்கள் பாடு.

அங்கே ஒரு காலைநடைச் சங்கம். தலைவர் பூலித்துரை, உறுப்பினர்கள் கோட்டைச்சாமி, அய்யம்பெருமாள். மொத்தமே அவ்வளவுதான். எதுவானாலும் கையைத் தூக்கித்தான் முடிவெடுப்பார்கள். நடக்கும்போது செருப்பு அறுந்தால்கூட நின்று ஓட்டெடுப்பு நடக்கும்.

அய்யம்பெருமாளின் மகள் செண்பகா சென்னையில் டாக்டர். அப்பாவின் ரத்தத்தில் கொழுப்பு ஏகத்துக்கு ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போனில் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, எண்ணெயைத் தொடவே கூடாது. டீக்கடைப் போண்டாவுக்கு முழுக்குப் போடுங்க. தினம் பத்துப் பாதாம் ஊறவச்சுச் சாப்பிடுங்க. கெட்ட கொழுப்பு இறங்கும், இதயத்துக்கும் நல்லது. ஒவ்வொண்ணையும் முப்பத்திரண்டு தடவை மெல்லணும். ஒரு மாசம் பார்ப்பேன். ரத்தம் சரியாகலேன்னா இங்கேயே கூட்டிட்டு வந்துருவேன், ஆமா!"

அய்யம்பெருமாளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. மகள் மேல் பாசம் இல்லாமலா? ஆனால் அங்கே பத்தாவது மாடி. பூலித்துரையும் கோட்டைச்சாமியும் இல்லாமல் ஒரு காலையை எப்படி ஓட்டுவது என்று அவருக்குத் தெரியாது.

மறுநாளே சங்கம் கூடியது.

"முப்பத்திரண்டு தடவைன்னா பல்லுக்கு ஒரு தடவை. பாப்பா படிச்சவள்ளா, சரியாத்தான் சொல்லியிருக்கா," என்றார் பூலித்துரை. "உமக்கு எத்தனை பல்லுவே இருக்கு?"

அய்யம்பெருமாள் நாக்கால் தடவிப் பார்த்தார். "ஒம்பது."

"அப்போ மிச்சம் இருபத்துமூணு தடவைய எதை வச்சு மெல்லுவீரு?"

மூன்று பேரும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். கடைசியில் கோட்டைச்சாமி எழுந்தார். அவருக்கு முப்பத்திரண்டு பல்லும் முழுசாக உண்டு. "ஒருத்தருக்கு ஒருத்தர் நிக்கலேன்னா சங்கம் எதுக்குவே? அவருக்காக நான் மெல்லுதேன்!"

மூன்று கைகளும் உயர்ந்தன. கோட்டைச்சாமி மென்றார், பூலித்துரை எண்ணினார்.

"மென்னாச்சு. இதை அவருகிட்ட குடுத்துரவா?"

"சீச்சீ, எச்சில்வே! நீரே முழுங்கும்."

முழுங்கினார். அய்யம்பெருமாள் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "இப்பவே லேசா இருக்குவே," என்றார்.

அப்பாவின் பல் விவகாரம் கேள்விப்பட்ட செண்பகா, பாதாமை வெண்ணெய் மாதிரி அரைத்த பாட்டில் ஒன்றை அனுப்பினாள். பல்லே வேண்டாம், ரொட்டியில் ஒரு ஸ்பூன் தடவிச் சாப்பிடுங்கள் என்று சீட்டும் வைத்திருந்தாள். மூடியைத் திறந்த பூலித்துரை அலறிவிட்டார். மேலே இரண்டு விரல் உயரத்துக்குப் பாதாம் எண்ணெய் மிதந்தது.

"எண்ணெயைத் தொடக் கூடாதுன்னு அவளே சொல்லிட்டு அவளே அனுப்பியிருக்காளே! பாவம், வேலை ஜாஸ்தி."

கையில் படாமல் எண்ணெயைக் கவிழ்த்தார்கள். மிச்சத்தைச் செய்தித்தாளில் சுற்றி, அம்மிக்கு அடியில் வைத்து மூன்று நாள் நசுக்கினார்கள். எடுத்தபோது அது செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. அதையும் கடிக்கக் கோட்டைச்சாமியால்தான் முடிந்தது. தொண்டையில் இறங்காததால் ஒரு கடிக்கு ஒரு துண்டு கருப்பட்டி சேர்த்துக்கொண்டார்.

மாசம் முடிந்தது. ரத்தம் எடுக்கும் இடத்தில் அய்யம்பெருமாள் சட்டைக் கையை மடித்தார். பூலித்துரை தடுத்தார்.

"இரும்வே! பாதாம் தின்னது யாரு?"

"கோட்டைச்சாமி."

"அப்போ பாதாம் வேலை செஞ்சிருக்கான்னு யாரு ரத்தத்துல பார்க்கணும்?"

நியாயம்தானே! அய்யம்பெருமாள் பெயரில் கோட்டைச்சாமி ரத்தம் கொடுத்தார்.

இரண்டு நாளில் செண்பகா போன் பண்ணினாள். "கொழுப்பு நல்லா இறங்கிருச்சுப்பா!" மூன்று பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். "ஆனா சுகர் முந்நூத்தி நாப்பது! ஒரு மாசத்துல என்னத்தைப்பா தின்னீங்க? ஒரு பேச்சும் வேண்டாம், இன்னைக்கே ரயிலேறி வாங்க. இனிமே நீங்க என் வீட்டோடதான்."

அய்யம்பெருமாள் தேம்பித் தேம்பி அழுதார். கோட்டைச்சாமியும் அழுதார். பூலித்துரை மூக்கைச் சிந்திக்கொண்டு யோசித்தார்.

"இவரு ஏன்வே போகணும்? சுகர் எந்த ரத்தத்துல இருக்கு?"

ஓட்டெடுப்பு நடந்தது. மூன்று கைகளும் உயர்ந்தன.

அடுத்த நாள் காலை சென்னையில் அழைப்பு மணி அடித்தது. செண்பகா ஓடிவந்து கதவைத் திறந்தாள். வாசலில் பெட்டியும் கையுமாகக் கோட்டைச்சாமி நின்றார்.

"மாமா, நீங்களா! அப்பா எங்கே?"

"மாமாவா? நீ கூப்பிட்டது இந்த ரத்தத்தைத்தான் தாயி." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கோட்டைச்சாமி உள்ளே எட்டிப் பார்த்தார். "பேரப்பிள்ளைகள் எங்கே? தாத்தா நிரந்தரமா வந்தாச்சுன்னு சொல்லு."