வளையம் உள்ள விண்மீன்

கரடிப்பாறை மலையில் ஒரு குரு இருந்தார். காவி கிடையாது, தாடி கிடையாது. பருத்திப் புடவை, அதன்மேல் குளிருக்கு ஓர் ஆண்கள் ஸ்வெட்டர். பெயர் திலகவதி. வானியல் பேராசிரியர்.

சிஷ்யர்கள் பலர் வந்து போனார்கள். தங்கியவன் செல்வின். தூத்துக்குடிக்காரன். வங்கியின் கணினிப் பிரிவில் நல்ல வேலையில் இருந்தவன், ஒருநாள் அவருடைய உரையைக் கேட்டுவிட்டு வேலையை விட்டுவிட்டு மலையேறினான். வீட்டில் இன்னும் அவனை யாரும் முழுதாக மன்னிக்கவில்லை.

வானத்தில் திடீரென்று தோன்றி மறைகிறவற்றைத்தான் திலகவதி ஆராய்ந்தார். வெடிக்கும் விண்மீன்கள், எங்கிருந்தோ வரும் ஒளிக்கீற்றுகள். சில ஒரு மாதம் இருக்கும். சில, நீங்கள் காபியை ஆற்றி முடிப்பதற்குள் போய்விடும்.

இதில் ஒரு சிக்கல். விண்மீன் வெடிக்கும்போது இங்கே மேகம் மூடியிருக்கும், அல்லது பகலாக இருக்கும். அதனால் எல்லா ஊர்த் தொலைநோக்கிகளுக்கும் பொதுவாக ஓர் ஆய்வு மையம் கட்ட நினைத்தார். ஒருவர் கண்டால் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். சொன்ன உடனே மற்றவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

யோசனையை எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டுக்கு நம் ஆட்களிடம் என்றைக்குக் குறைச்சல்? தங்கள் தொலைநோக்கியின் இரவைத்தான் யாரும் தரவில்லை. ராஜஸ்தான் பாலைவனத்தில் பெரிய தொலைநோக்கி வைத்திருந்த ராத்தோர் என்பவர், கூட்டத்தில் மேஜையைத் தட்டியே சொல்லிவிட்டார்.

“எங்கள் இரவு எங்களுக்கே போதவில்லை. எவரோ எங்கிருந்தோ கூப்பிட்டால் நான் ஏன் திரும்ப வேண்டும்?”

மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொண்டார்கள்.

மலையில் இடம் தயாராக இருந்தது. செங்கல் வந்து இறங்கியிருந்தது. மேஸ்திரி சின்னமணி வாரத்துக்கு ஒருமுறை வந்து கேட்பார். “ஆரம்பிச்சிரலாமாம்மா?”

“பொறுங்க மேஸ்திரி. சுவரைக் கட்டிட்டு ஆளைத் தேடக் கூடாது.”

அம்மா நல்ல நாள் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு மேஸ்திரி போய்விடுவார்.

அந்த மழைக்காலத்தில் ஓர் இரவு செல்வின் மலையில் இருந்த பழைய ஆய்வுக்கூடத்தில் தனியாக வேலையில் இருந்தான். மேகத்தில் ஒரே ஓர் இடைவெளி. கூரையில் இருந்த சின்னக் கேமரா அதன் வழியாக ஒரு பிரகாசமான புள்ளியைக் காட்டியது. விண்மீன் அட்டவணையைத் தேடினான். அப்படி ஒரு விண்மீனே அதில் இல்லை. மேகம் மறுபடியும் மூடிக்கொண்டது.

இடத்தைக் குறித்து எல்லா ஊருக்கும் செய்தி அனுப்பினான். “புதிய விண்மீன். மிகப் பிரகாசம். எங்களுக்கு மேகம். உடனே பாருங்கள்.”

அது சனி. விண்மீன் அட்டவணையில் கோள்கள் இருக்காது. அவை ஓர் இடத்தில் நிற்பவை அல்ல. அவற்றுக்குத் தனி அட்டவணை. இரண்டையும் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். அவசரத்தில் செல்வின் அதை மறந்துபோனான்.

முதல் பதில் ராத்தோரிடமிருந்து வந்தது. “வாழ்த்துகள். உங்கள் புதிய விண்மீனுக்கு வளையம் இருக்கிறது.” கூடவே ஒரு படம்.

அதன்பின் லடாக்கிலிருந்து ஒரு பதில், தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒன்று. எல்லாம் சிரிப்பு. காலையில் கேன்டீன்காரரும் விடவில்லை. “எல்லாரையும் சனி பிடிக்கும். நீங்க சனியையே பிடிச்சிட்டீங்களாமே சார்!”

செல்வின் டீயை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பெட்டியைக் கட்டினான்.

விடைபெறப் போனபோது திலகவதி கட்டட இடத்தில் நின்றிருந்தார். மேஸ்திரி கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“மேடம், நான் ஊருக்குப் போறேன்.”

“லீவா?”

“இல்ல மேடம். மொத்தமா.”

“சாப்பிட்டியா?”

“இறங்கல மேடம். உங்க பேரைக் கெடுத்துட்டேன். இத்தனை வருஷமா ஒவ்வொருத்தர்கிட்டயும் கெஞ்சிட்டு இருக்கீங்க. ஒரே ராத்திரியில எல்லாத்தையும் சிரிப்பாக்கிட்டேன்.”

“என் பேரு அவ்வளவு லேசாவா கெடும்?”

“விளையாடாதீங்க மேடம். நாளைக்கு நெஜமாவே ஒரு நட்சத்திரம் வெடிக்கும். அப்ப நான் கூப்பிட்டா யார் வருவாங்க?”

குரு மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

“மேஸ்திரி, கோடு போட்டாச்சுன்னா இன்னிக்கே தோண்ட ஆரம்பிச்சிருங்க.”

மேஸ்திரி நிமிர்ந்தார். “என்னம்மா, நல்ல நாள் வந்துருச்சா?”

“நேத்து ராத்திரிதான் வந்துச்சு.”

செல்வினுக்குச் சுருக்கென்றது. ஊரே சிரித்ததைக்கூடத் தாங்கிக்கொண்டான். இவரும் கேலி செய்வதைத் தாங்க முடியவில்லை.

“நீங்களுமா மேடம்?”

திலகவதியின் முகம் மாறியது. அவன் தோளைத் தொட்டுச் செங்கல் அடுக்கின்மேல் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கேலி இல்லப்பா. ராத்தோர் அனுப்பின படத்தைக் காட்டு.”

“வேண்டாம் மேடம்.”

“காட்டு.”

கைப்பேசியை எடுத்துக் காட்டினான். கறுப்புக்கு நடுவே, ஒளி அதிகமாகி வெளுத்துப்போன ஓர் உருண்டை. அதைச் சுற்றி வளையம்.

“யார் எடுத்தது இது?”

“அவரேதான். அவங்க பெரிய தொலைநோக்கியில.”

“எப்ப?”

“என் செய்தி போன உடனேயே. கீழ நேரம் போட்டிருக்கு.”

“அந்த நேரத்துல அவர் வேற எதையும் பார்த்துட்டு இருக்கலையா?”

“சும்மாவா இருப்பாரு மேடம்? அந்தத் தொலைநோக்கி ஒரு ராத்திரிகூடச் சும்மா இருக்காது.”

“சரி. அந்த இடத்துல சனி இருக்குன்னு தெரிஞ்சுக்க அவருக்கு என்ன வேணும்?”

“ஒண்ணுமே வேண்டாம். கோள் அட்டவணையை ஒரு தடவை பார்த்தாப் போதும். தொலைநோக்கியைத் திருப்பவே வேண்டாம். உட்கார்ந்த இடத்துலயே சிரிச்சிருக்கலாம்.”

சொல்லிவிட்டு செல்வின் நிறுத்தினான். படத்தை மறுபடியும் பார்த்தான்.

“பார்த்தாரா அட்டவணையை?” என்றார் குரு.

“பார்க்கல மேடம்.”

“ஏனாம்? அவருக்கு முதல் பாடம் தெரியாதா?”

தன் கை நேற்று ஏன் அவசரப்பட்டது என்று செல்வினுக்குத் தெரியும். பார்ப்பதற்குள் மறைந்துவிடுமே என்ற பயம். அதே பயத்தில், பாலைவனத்தில் இன்னொரு கையும் அவசரப்பட்டிருக்கிறது.

மேஸ்திரி கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். “எந்த மூலையில ஆரம்பிக்கட்டும்மா?”

“இவரைக் கேளுங்க,” என்று செல்வினைக் காட்டிவிட்டு, திலகவதி புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“அவர் சிரிச்சதையே நினைச்சுட்டு இருக்காத, செல்வின். நீ கூப்பிட்டதும் வந்திருக்கார். வந்து பார்த்த அப்புறம்தான் சிரிச்சிருக்கார்.”