கேமரா வாயை மூடிக்கொண்ட நாள்

கேமராவுக்கு வாய் இருந்த காலம் அது. சிரிக்க வேண்டாம். நரியும் காக்காயும் பேசின என்றால் தலையை ஆட்டிக்கொண்டு கேட்கிறீர்கள், கேமரா பேசியது என்றால் மட்டும் சிரிப்பு வந்துவிடுகிறது. அந்தக் காலம் என்றால் ராஜாக்கள் காலம் இல்லை. உங்கள் வீட்டு பீரோவில் பேட்டரி செத்துக் கிடக்கிறதே ஒரு பழைய கேமரா, அதனுடைய அப்பன் காலம். "படத்தை ரா (RAW) ஃபைலாக எடுக்கலாமா, ஜேபெக் (JPEG) ஃபைலாக எடுக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டு வாரத்துக்கு நாலு பேர் என் ஸ்டூடியோவுக்கு வருகிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்குத் தாடை வலித்துவிட்டது. இனிமேல் கதையாகவே சொல்லிவிடுகிறேன், ஒரு தடவைதான் சொல்வேன்.

அந்தக் காலத்தில் ஒரு படம் எடுத்தால் கேமராவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறக்கும். மூத்தவன் ரா. கண்ட வெளிச்சம், கண்ட இருட்டு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சுமந்துகொண்டு வருவான். ஆள் குண்டு, நடை மந்தம், முகமும் களையில்லாமல் வெளிறிப்போய் இருக்கும். இளையவன் ஜேபெக். பளிச்சென்று சிரித்த முகம், பஞ்சு மாதிரி உடம்பு. எப்படி அவ்வளவு லேசாக இருந்தான் என்றால், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தனக்குத் தோன்றுவதையெல்லாம் வழியிலேயே கீழே போட்டுவிட்டு ஓடிவருவான். மூத்தவன் அரிசி என்றால் இளையவன் சோறு. அரிசியை எப்போது வேண்டுமானாலும் பொங்கிக்கொள்ளலாம். சோற்றைத் திரும்ப அரிசியாக்க எந்தக் கொம்பனாலும் முடியாது.

கேமராவின் வயிற்றில் இருந்த மெமரி கார்டில் இரண்டு பேருக்கும் இடம் இல்லை. அதனால் ஒவ்வொரு படம் எடுத்ததும் கேமரா கேட்கும்: "யாரு இருக்கணும், யாரு போகணும்?" பதில் சொன்னால்தான் அடுத்த படம்.

சங்கரன்கோவில் பக்கம் சேர்மக்கனி என்று ஒரு போட்டோக்காரர் இருந்தார். நல்ல மனுஷன், கை சுத்தமான வேலைக்காரர். ஆவணி மாதத்தில் ஒரு முகூர்த்த நாள். விடியற்காலையில் ஒரு கல்யாணம், ஏழரைக்கு ஒன்று, பத்தரைக்கு மூன்றாவது. மூன்றாவது மண்டபத்துக்குள் நுழையும்போது அவருக்கு முட்டி மடங்கவில்லை. காலையில் இருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பந்தியில் உட்காரச் சொல்ல எவனுக்கும் தோன்றவும் இல்லை, அது எங்கள் தொழிலின் சாபம்.

மணப்பெண் பெயர் கோமதி. அவளுடைய அப்பா பிச்சையா, அரிசி ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர். மனைவி போய் எட்டு வருஷமாகியிருந்தது. தாரம் இழந்தவன் மணவறையில் நிற்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொல்ல, தாரை வார்த்துக் கொடுக்க அவருடைய அண்ணனும் மதினியும் மேடையேறினார்கள். பிச்சையா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நடந்தார். மண்டபத்தின் கடைசித் தூணுக்குப் பின்னால், லைட் எட்டாத மூலையில் போய் நின்றுகொண்டார். பெற்ற மகள் கல்யாணத்தில் அப்பனுக்குக் கிடைத்த இடம் அதுதான்.

மாலை மாற்றும் நேரம் வந்தது. முதல் மாலையைச் சேர்மக்கனி எடுத்தார். "யாரு இருக்கணும்?" என்றது கேமரா. "பெரியவன்" என்றார். பெரியவன் அசைந்து அசைந்து கார்டில் ஏறி உட்காருவதற்குள் இரண்டாவது மாலை விழுந்துவிட்டது. படம் போச்சு. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஐந்நூறு பேர் முன்னால் கத்தினார்: "யோவ், போட்டோ எடுக்க வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா?"

சேர்மக்கனிக்குக் காது சுட்டது. அதற்குள் கெட்டிமேளம். தாலி ஏறும் நொடியில், கூட்டத்துக்கு மேலே கேமராவைத் தூக்கி மண்டபம் முழுக்க விழுகிற மாதிரி ஒரு படம் எடுத்தார்.

"யாரு இருக்கணும், யாரு போகணும்?" என்றது கேமரா.

அப்போது பெரியவனே பேசினான். எப்போதும் வாய் திறக்காதவன். "அண்ணாச்சி, கடைசித் தூணு பக்கத்துல ஒரு மனுசன் நிக்காரு. இருட்டா இருக்கு. அவரு முகம் என்கிட்ட மட்டும்தான் இருக்கு."

"மூலையில நிக்கவன எவம்ல பாக்கப் போறான்?" என்றார் சேர்மக்கனி. சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டார். "ஏ கேமரா, இனி என்னைக் கேக்காத. எனக்குப் பேசத் தெம்பில்ல. சின்னவனையே வச்சிக்கோ, பெரியவனைத் தள்ளு."

கெட்ட எண்ணம் இல்லை, களைப்பு. உலகத்தில் பாதித் தப்பு களைப்பில்தான் நடக்கிறது. பெரியவன் இறங்கிப் போனான். அன்றைக்கு மிச்சப் படமெல்லாம் விறுவிறுவென்று ஓடியது. தாய்மாமனுக்கும் பரம திருப்தி.

நாற்பது நாள் கழித்துக் கோமதி ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"அண்ணாச்சி, அப்பா தவறிட்டாங்க. மில்லுல மூட்டை தூக்கயில நெஞ்சப் பிடிச்சிட்டு உக்காந்தவுகதான். வியாழக்கெழம பதினாறாம் நாள் விசேசம். மாலை போட ஒரு படம் வேணும்."

"வீட்டுல வேற படம் இல்லியாம்மா?"

"போட்டோன்னாலே ஓடிருவாங்க. வோட்டர் கார்டுல ஒண்ணு இருக்கு, அது எங்க அப்பாவே இல்ல, ஏதோ களவாணிப் பய மாதிரி இருக்கு." அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்து, அதுவும் அழுகையாகவே முடிந்தது.

சேர்மக்கனி கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். பெரியப்பா இருந்தார், பெரியம்மா இருந்தார், தாய்மாமன் எண்பது படத்தில் இருந்தார். பிச்சையா ஒன்றில்கூட இல்லை. கடைசியில் தாலி கட்டும் படம். கோமதி கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்தாள்.

"இந்தா, தூணுக்குப் பக்கத்துல. அப்பாதான். துண்டைத் தோள்ல போட மாட்டாங்க, இப்படித்தான் கையில சுருட்டி வச்சிருப்பாங்க. முகத்தை மட்டும் தெரிய வையுங்க அண்ணாச்சி."

வேட்டி தெரிந்தது. துண்டு தெரிந்தது. கழுத்துக்கு மேலே மை அப்பினது போல் இருந்தது. சேர்மக்கனி வெளிச்சத்தைக் கூட்டினார். கறுப்பு சாம்பலாக வெளுத்தது. இன்னும் கூட்டினார். சாம்பல் சதுரம் சதுரமாக உடைந்தது. முகம் வரவில்லை.

"எங்கடா அவரு முகம்?" என்று ஜேபெக்கை உலுக்கினார்.

அந்தச் சிரித்த முகம் அன்றைக்குத்தான் வாடியது. "இருட்டு மூலைதானே, யாரு பாக்கப் போறாங்கன்னு வழியில போட்டுட்டேன் அண்ணாச்சி. என் வேலையே அதுதான. நீங்களும் அதைத்தான சொன்னீங்க."

கோமதிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் கத்தவில்லை, சண்டை போடவில்லை. திட்டியிருந்தால் சேர்மக்கனி தாங்கியிருப்பார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எனக்குத் தாலி ஏறயில அப்பா சிரிச்சாங்களா, அழுதாங்களா? அதையாவது சொல்லுங்க அண்ணாச்சி. நான் தல குனிஞ்சிருந்தேன், பாக்கல."

சேர்மக்கனிக்குத் தெரியாது. அவர் பார்த்தது தாலியைத்தான். கேமராவைப் பார்த்தார். கேமரா மெல்லச் சொன்னது: "நான் பாத்தேன். ஆனா பாத்ததை எல்லாம் அப்பப்பவே பெரியவன் கையில குடுத்துருவேன், எங்கிட்ட எதுவும் தங்காது. அவனை நாம தள்ளிட்டோம்."

மண்டபம் முழுக்க நின்ற ஐந்நூறு பேரில் ஒருவர்கூட அந்தக் கடைசித் தூணைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோமதி அந்தப் படத்தையே வாங்கிக்கொண்டு போனாள். வேட்டியும் துண்டும் இருந்த அந்தப் படத்துக்குத்தான் வியாழக்கிழமை பூமாலை விழுந்தது.

அவள் போன பிறகு சேர்மக்கனி நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "கேமரா, இனி ரெண்டு பேரும் இருக்கட்டும். எனக்கு எவ்வளவு களைப்பா இருந்தாலும், நானே தள்ளச் சொன்னாலும் தள்ளாத."

"ரெண்டு பேருக்கு வயித்துல இடம் இல்லியே" என்றது கேமரா. உள்ளே இண்டு இடுக்கெல்லாம் துழாவிப் பார்த்தது. "ஒண்ணு செய்யலாம். என் வாய் இருக்கிற இடத்தைக் காலி பண்ணிட்டா பெரியவனும் உள்ள உக்காந்துக்குவான். இந்த வாய்தான கேட்டுக் கேட்டு உங்களைச் சலிக்க வச்சுது. எனக்கு வேண்டாம்."

சொல்லி முடித்து, தன் வாயைத் தானே விழுங்கியது. 'க்ளிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு அது பேசவே இல்லை.

அன்று முதல்தான் கேமரா எதையும் கேட்பதில்லை. ஒரு படத்தை இரண்டாக வைத்துக்கொள்கிறது. சின்னவன் அன்றைக்கே ஊருக்குக் காட்ட. பெரியவன், என்றைக்காவது கண் வீங்கி ஒருத்தி வந்து நின்றால் அவளுக்குக் காட்ட. அன்று முதல்தான் நாங்கள் போட்டோக்காரர்கள், கெட்டிமேளத்துக்கு முன்னால், முகூர்த்தம் தப்பினாலும் பரவாயில்லை என்று ஐயர் முறைக்க முறைக்கத் தொண்டை கிழியக் கத்துகிறோம்: "பொண்ணோட அப்பா எங்க? ஐயா, தூணை விட்டுட்டு வெளிச்சத்துக்கு வாங்க. அழுதாலும் பரவாயில்ல, வாங்க."