பீச் பழத்தில் உட்கார்ந்த ஈ

ஈயும் மனிதனும் ஒரே மொழியில் வாய்ச்சண்டை போட்ட அந்தக் காலத்தில், ஹாலந்து நாட்டின் ஹார்லெம் ஊரில் கோவர்ட் என்ற பெருவணிகர் இருந்தார். தம் சாப்பாட்டு மேசையைப் படமாக வரைய யோஸ்ட் என்ற ஓவியரை அமர்த்தினார். மேசைமேல் சீனப் பீங்கான், வெள்ளிக் கிண்ணம், நம் பக்கத்துக் கடற்கரையில் கப்பலேறிய மிளகு, நடுவில் பீச் பழம். அவற்றில் ஒன்றுகூட கோவர்ட்டின் உழைப்பில் வந்ததல்ல. உழைத்த கைகளை வரையச் சொல்லவும் அவருக்குத் தோன்றவில்லை.

எண்ணெய் வண்ணம் மெதுவாகத்தான் காயும். பழத்தின் தோலை யோஸ்ட் மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றியிருந்தார். கடைசிப் பூச்சு ஈரமாக இருந்தபோது, நிஜப் பழம் என்று நம்பி ஓர் ஈ அதன்மேல் இறங்கியது. கால்கள் ஒட்டிக்கொண்டன.

அந்த நேரம் பார்த்து, ஊர்ப் போதகரை அழைத்துக்கொண்டு கோவர்ட் படம் பார்க்க வந்தார்.

"என் பழத்தில் ஈயா? நசுக்கித் துடைடா!"

"நசுக்கினால் என் குடலும் உங்கள் படத்தில்தான் இருக்கும், முதலாளி" என்றது ஈ. உடனே குரல் உடைந்தது. "ஓவியரே, இழுக்காதீர்கள். கால் பிய்ந்துவிடும்."

"ஆடாமல் இரு தாயே" என்ற யோஸ்ட், ஆளிவிதை எண்ணெயில் தோய்த்த தூரிகையால் ஒவ்வொரு காலாக விடுவித்தார். ஈ தள்ளாடிப் போய்ச் சன்னல் கண்ணாடியில் உட்கார்ந்தது.

பழத்தில் கறுத்த வடு விழுந்திருந்தது. அதைச் சுரண்டினால் அத்தனை பூச்சும் போகும். யோஸ்ட் சன்னலைப் பார்த்துப் பார்த்து, வடுவின்மேலேயே அந்த ஈயை வரைந்தார்.

"அசிங்கம்!" கோவர்ட் சன்னல் பக்கம் பாய்ந்து, ஈயை அடிக்கத் தொப்பியை ஓங்கினார்.

போதகரோ படத்தின்முன் உருகி நின்றார். "கோவர்ட் ஐயா, உங்கள் செருக்கை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கண்டிக்க இருந்தேன். நீங்களோ, பழமும் அழுகும், உடலும் அழியும் என்று ஈயை வைத்துச் சொல்லிவிட்டீர்கள்!"

ஓங்கிய தொப்பி மெல்லத் தலைக்குப் போனது. "ஆமாம். நான்தான் வைக்கச் சொன்னேன்."

"அடேயப்பா!" என்றது ஈ.

பணிவைக்கூட விலைக்கு வாங்கத் தெரிந்த கூட்டம் அது. இருக்கட்டும், உயிர் தப்பியதே. கோவர்ட் தம் கையாலேயே சன்னலைத் திறந்துவிட்டார். ஈ வெயிலுக்குள் பறந்தது.

அன்று முதல்தான் டச்சுக்காரர்களின் மேசைப் படங்களில், வெள்ளிக்கும் பீங்கானுக்கும் நடுவே, எல்லாம் ஒருநாள் அழியும் என்று சொல்ல ஓர் ஈ உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பணக்காரனும் அதை விரட்டச் சொல்வதில்லை.